மங்கலான விண்மீனுக்கு நேரம் கொடுப்பது சலுகையா?

"எல்லாருக்கும் ஒரே பாடம், ஒரே வினாத்தாள், அதுதான் சமத்துவம்" என்கிறார்கள். ஜவ்வாது மலையிலுள்ள காவலூருக்கு வந்து பார்க்கட்டும். இங்குள்ள வைணு பாப்பு வானாய்வகத்தின் 2.34 மீட்டர் தொலைநோக்கியில், மங்கலான விண்மீனின் ஒளியைச் சேர்க்கக் கூடுதல் நேரம் ஒதுக்குவார்கள். அதைச் சலுகை என்று யாரும் சொல்வதில்லை. இந்த மலையின் பிள்ளைகளுக்கு மட்டும் ஏன் வேறு நியாயம்?

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2022இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என நிலைவாரியாகப் பிரித்துக் கற்பிக்கிறது. இது முத்திரை குத்துவதாகும் என்ற அச்சத்தை ஒதுக்க முடியாது. ஆண்டு முழுக்க அரும்பிலேயே உட்காரவைத்தால் முத்திரைதான். அதற்கு மருந்து, அடிக்கடி மதிப்பிட்டு நிலையை உயர்த்துவது. எழுத்துக்கூட்டத் தடுமாறும் பிள்ளையிடம் பத்தியை நீட்டுவதல்ல. ஒரே வினாத்தாள் யாரையும் சமமாக்காது. ஏற்றத்தாழ்வுக்கு மதிப்பெண் போடும், அவ்வளவுதான்.