இரண்டாவது வட்டுக்கு ஓர் இடம்

விண்டோஸ் கணினியில் புதிய வன்தட்டு ஒன்றைப் பொருத்தினால் டி, ஈ என்று அதற்கு ஓர் எழுத்து கிடைத்துவிடுகிறது. யுனிக்ஸ் மரபில் வந்த லினக்ஸ், ஃப்ரீபிஎஸ்டி போன்ற இயங்குதளங்களில் அப்படி எதுவும் கிடைப்பதில்லை. அங்கே வட்டுகள் எத்தனை இருந்தாலும் அடைவு மரம் ஒன்றுதான். ஒற்றைச் சாய்கோட்டால் குறிக்கப்படும் வேர் அடைவிலிருந்து கிளைவிடும் அந்த மரத்தில் ஏதேனும் ஒரு கிளையைத் தேர்ந்து, மாங்கன்றில் ஒட்டுக் கட்டுவதுபோல, புதிய வட்டைச் சேர்க்க வேண்டும். இச்செயலுக்கு 'மவுண்ட்' என்றும், தமிழில் 'ஏற்றுதல்' என்றும் பெயர். எந்த அடைவின்மேல் வட்டு ஏறுகிறதோ அதுவே ஏற்றுமிடம்.

'மவுண்ட்' என்னும் சொல் ஒரு காலத்தில் வட்டைக் கையால் மாட்டும் வேலையையே குறித்தது. டென்னிஸ் ரிட்சியும் கென் தாம்சனும் 1974 ஜூலையில் ஏசிஎம் இதழில் யுனிக்ஸைப் பற்றி எழுதிய கட்டுரையில், தம் பிடிபி-11/45 கணினியில் 1 மெகாபைட் கொண்ட நிலைமுனை வட்டு ஒன்றும், கழற்றி மாட்டத்தக்க 2.5 மெகாபைட் வட்டுகளுக்கான நான்கு இயக்கிகளும், 40 மெகாபைட் வட்டுக்கட்டுகளை ஏற்கும் இயக்கி ஒன்றும் இருந்ததாகக் குறிப்பிடுகின்றனர். வேர் அடைவு சிறிய நிலைமுனை வட்டில் இருந்தது. பயனர்களின் கோப்புகள் பெரிய வட்டில் இருந்தன. கணினி தொடங்கும்போது பெரிய வட்டு மரத்தில் ஏற்றப்பட்டது. இரண்டாவது வட்டு என்பது, ஆகவே, யுனிக்ஸுக்குப் பின்னால் வந்து ஒட்டிய வசதியன்று. யூஎஸ்ஆர் என்னும் அடைவு அந்தப் பயனர் கோப்புகளுக்காகவே பிறந்தது என்றாலும், காலப்போக்கில் நிரல்களும் அங்கே குடியேறி, கடைசியில் பயனர்கள் ஹோம் என்னும் வேறோர் அடைவுக்குப் போக நேர்ந்தது. ஒண்ட வந்த பிடாரி ஊர்ப்பிடாரியை விரட்டிய கதைதான்; 2012இல் வெளிவந்த ஃபெடோரா 17, வேரடியில் நிரல்களுக்கென இருந்த 'பின்' (bin) என்னும் அடைவையே யூஎஸ்ஆருக்குள் சேர்த்து அந்தக் கதையை முடித்துவைத்தது.

இன்றைய லினக்ஸில் வட்டைப் பொருத்தியதும் செய்ய வேண்டிய முதல் வேலை, எல்எஸ்பிஎல்கே என்னும் கட்டளையால் அதை அடையாளம் காண்பது. எஸ்டிஏ, எஸ்டிபி என்று கெர்னல் சூட்டும் பெயர்களை நம்பாமல் கொள்ளளவையும் மாதிரி எண்ணையும் பார்த்துத் தெளிவது நல்லது. கடையில் 1 டெராபைட் என்று வாங்கிய வட்டு இங்கே ஏறத்தாழ 931 என்று காட்டினால், விற்பவர் ஆயிரத்தாலும் கணினி 1024ஆலும் கணக்கிடுவதே அதற்குக் காரணம். அடுத்தது பகிர்வு அட்டவணை, அதாவது வட்டின் எந்தப் பகுதி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்ற பதிவு. பழைய எம்பிஆர் முறை 512 பைட் துண்டுகளை 32 பிட் எண்ணால் எண்ணியதால் 2 டெராபைட்டுக்கு மேல் அதற்குக் கண் தெரியாது. ஆகவே ஜிபிடி முறையைத் தேர்வதில் தயங்க வேண்டியதில்லை. பகிர்வின்மேல் கோப்பு முறைமையை, அதாவது எந்தக் கோப்பு எந்தத் துண்டுகளில் இருக்கிறது என்று கணக்கு வைக்கும் கட்டமைப்பை, அமைக்க வேண்டும். லினக்ஸில் வழக்கமான எக்ஸ்ட்4 முறைமை மொத்த இடத்தில் 5 விழுக்காட்டை ரூட் என்னும் நிர்வாகப் பயனருக்கென ஒதுக்கிவைக்கிறது. வேர் வட்டில் இது பாதுகாப்பு, ஆனால் 4 டெராபைட் தரவு வட்டில் 200 ஜிகாபைட் சும்மா கிடக்கும் என்பதால், டியூன்2எஃப்எஸ் கட்டளையால் அதைக் குறைப்பதே அறிவுடைமை.

இவையெல்லாம் அரைமணி நேர வேலை. சிக்கல் எழுவது எஃப்எஸ்டேப் கோப்பின் ஒற்றை வரியில். கணினி தொடங்கும்போதெல்லாம் எதை எங்கே ஏற்றுவது என்று சொல்லும் அவ்வரியில் வட்டின் அடையாளம், ஏற்றுமிடம், கோப்பு முறைமையின் வகை, விருப்பக்குறிகள், டம்ப் எண், பழுதுபார்க்கும் வரிசை எண் என ஆறு புலங்கள் உண்டு. முதல் புலத்தில் எஸ்டிபி1 என்று எழுதுவது பரவலான தவறு, ஏனெனில் அப்பெயர் வட்டுகள் கண்டறியப்படும் வரிசையைப் பொறுத்தது. நாளை இன்னொரு வட்டு சேர்ந்தாலோ கேபிள் இடம் மாறினாலோ அதே பெயர் வேறொன்றுக்குப் போய்விடக்கூடும். கோப்பு முறைமை உருவாகும்போதே அதில் பதியும் 128 பிட் அடையாள எண்ணான யூயூஐடியை எழுதினால் வட்டு எந்த முனையில் செருகப்பட்டாலும் குழப்பமில்லை. விருப்பக்குறிகளில் நோஃபெயில் என்பதைச் சேர்க்காவிட்டால், வட்டு பழுதான நாளில், கணினியின் தொடக்கத்தை நடத்தும் சிஸ்டம்டி வழக்கமாக 90 நொடிகள் காத்திருந்துவிட்டு, தரவு வட்டு ஒன்று இல்லை என்பதற்காகக் கணினியையே அவசர நிலையில் நிறுத்திவிடும்.

நோஃபெயில் சேர்த்தால் வேறொரு பள்ளம் காத்திருக்கிறது. ஏற்றுமிடம் என்பது அடிப்படையில் வேர் வட்டில் உள்ள ஒரு சாதாரண அடைவுதான். வட்டு ஏறியதும் அவ்வடைவில் முன்பு இருந்தவை அழியாமல் மறைந்துபோகும், வட்டு இறங்கியதும் மீண்டும் தென்படும். வட்டு ஏறாத ஓர் இரவில் காப்புநகல் எடுக்கும் நிரல் வழக்கம்போல அந்த அடைவில் எழுதத் தொடங்கினால், அடைவு இருப்பதால் எந்தப் பிழையும் எழாமல், கோப்புகள் அனைத்தும் வேர் வட்டில் குவிந்து அதை நிரப்பிவிடும். மறுநாள் வட்டைச் சரிசெய்து ஏற்றினால் அக்குவியல் கண்ணுக்கே தெரியாது: டிஎஃப் கட்டளை வேர் வட்டு நிரம்பிவிட்டது என்னும்; அடைவு அடைவாகக் கூட்டிப் பார்க்கும் டியூ கட்டளையோ அவ்வளவு கோப்புகள் இல்லை என்னும். அனுபவமுள்ள நிர்வாகிகள் இதற்காகவே, வட்டை ஏற்றுவதற்கு முன் வெற்று அடைவுக்கு 'சிஹெச்ஆட்டர் +ஐ' கட்டளையால் மாறாத்தன்மையைக் கொடுத்துவிடுகின்றனர். அதன்பின் வட்டு இல்லாதபோது ரூட் பயனராலும் அங்கே எழுத முடியாது. நிரல் பிழையோடு நின்றுவிடும், நிற்பதே வேண்டும். உரிமையாளரை மாற்றும் வேலையைமட்டும் வட்டை ஏற்றிய பிறகே செய்ய வேண்டும், இல்லையேல் மாறுவது அடியில் கிடக்கும் அடைவின் உரிமையே.

வரியை எழுதி முடித்ததும் கணினியை மறுதொடக்கம் செய்துபார்ப்பது தேவையற்ற துணிச்சல். வட்டை இறக்கிவிட்டு 'மவுண்ட் -ஏ' என்று கட்டளையிட்டால் எஃப்எஸ்டேப்பில் உள்ளவை அனைத்தும் அப்போதே ஏற்றப்படும். வரியில் பிழை இல்லையென்றால் அது ஒன்றும் சொல்லாமல் திரும்பும். ஆனால் நோஃபெயில் இருக்கும்போது, யூயூஐடியில் ஓர் எழுத்து தவறியிருந்தாலும் அது ஒன்றும் சொல்லாமலேதான் திரும்பும். ஆகவே டிஎஃப் பட்டியலில் புதிய ஏற்றுமிடத்தின் பெயரைக் கண்ணால் பார்த்த பிறகே மறுதொடக்கம் செய்ய வேண்டும்.