வீட்டில் தொடங்கும் சபை

தாம்பரம், ஆவடி என்று சென்னை விரிந்து போன பக்கமெல்லாம் ஞாயிற்றுக்கிழமை காலையில் மாடி அறைகளிலும் வாடகை மண்டபங்களிலும் கிறிஸ்தவ ஆராதனை நடக்கிறது. பிழைப்புக்காக ஊர்விட்டு வந்தவர்களும், முதல்முறையாக வேதாகமத்தைத் திறப்பவர்களும் அங்கே கூடுகிறார்கள். அக்கம்பக்கத்தார் சிலர் இதைச் சந்தேகத்தோடு பார்க்கிறார்கள். பாரம்பரியத் திருச்சபைகளுக்குள்ளும் அந்தச் சந்தேகம் உண்டு.

ஆனால் இது புதிய வழக்கம் அல்ல. ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் தம்பதியின் வீட்டில் கூடிய சபைக்குப் பவுல் வாழ்த்துச் சொல்லி எழுதியிருக்கிறார். சிரியாவில் துரா யூரோப்போஸ் என்ற இடத்தில் அகழ்ந்தெடுத்த மூன்றாம் நூற்றாண்டு ஆலயம், ஒரு குடியிருப்பு வீட்டைத் திருத்தி அமைத்ததுதான். கோபுரமும் மணியும் பின்னால் வந்தவை.

நம் மண்ணிலேயே ஒரு முன்னுதாரணம் இருக்கிறது. 1921-இல் திருப்பத்தூரில் கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கியவர்கள் இரண்டு மருத்துவர்கள்: தமிழரான சவரிராயன் ஏசுதாசன், ஸ்காட்லாந்துக்காரரான எர்னஸ்ட் பாரஸ்டர் பேட்டன். வெள்ளையர் அதிகாரத்தில் இயங்கிய மிஷன் அமைப்புக்கு வெளியே, கதர் உடுத்தி, சகோதரர்களாகச் சேர்ந்து வாழ்ந்தார்கள். பெரியண்ணன், சின்னண்ணன் என்றே அவர்களை அழைத்தார்கள். நோயாளிகளுக்கு ஆஸ்பத்திரி நடத்தினார்கள். அவர்கள் எழுப்பிய ஜெபாலயம்கூடத் திராவிடக் கோயில் பாணியில் அமைந்தது. சுற்றியிருந்த மக்களுக்குப் பயன்பட வாழ்ந்ததே அந்த ஆசிரமத்தின் பலம் என்று நினைக்கிறேன்.

இன்று வீட்டுச் சபை தொடங்கும் போதகர்கள் இதைக் கவனிக்க வேண்டும். காணிக்கைப் பணம் ஒருவர் பையில் இருக்கக் கூடாது. டிரஸ்ட்டாகவோ சங்கமாகவோ பதிவு செய்து, வரவு செலவை ஆண்டுதோறும் விசுவாசிகள் முன் வையுங்கள். ஓய்வுநாள் பள்ளிக்கு வரும் பிள்ளைகளை எந்த நேரத்திலும் ஒரே ஒருவர் பொறுப்பில் விடாதீர்கள். முப்பது பேர் உட்காரும் அறைக்கு ஒலிபெருக்கி எதற்கு? குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்பது சட்டம் வகுத்த வரம்பு. எதிர்வீட்டில் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்கும் நோயாளிக்கும் நாம் காட்டும் கரிசனையும் ஊழியம்தான்.

அக்கம்பக்கத்தாருக்கும் ஒரு வேண்டுகோள். சத்தம் தொந்தரவாக இருந்தால் முதலில் அந்த வீட்டுக் கதவைத் தட்டிப் பேசுங்கள். ஸ்டேஷனுக்குப் போவது அதற்குப் பிறகு இருக்கட்டும். புகார் வந்தால் சத்தத்தை விசாரிப்பது காவல்துறையின் வேலை. கூடியவர்களின் நம்பிக்கையை விசாரிப்பது அல்ல. பொது ஒழுங்குக்கு உட்பட்டு மதத்தைப் பின்பற்றும் உரிமையை அரசியல் சாசனத்தின் 25-ஆவது பிரிவு எல்லோருக்கும் தந்திருக்கிறது.

பெரிய திருச்சபைகளிடம்தான் அதிகம் எதிர்பார்க்கிறேன். ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் மரபினர் தங்கள் வேற்றுமைகளைப் பேசித் தீர்த்து 1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபையாக இணைந்தார்கள். அந்தப் பொறுமை இருந்தவர்களின் வாரிசுகளுக்கு, பக்கத்துத் தெரு வீட்டுப் போதகரோடு உட்கார்ந்து பேசுவது முடியாத காரியமா? அவரை ‘ஆடு திருடுகிறவர்’ என்று ஒதுக்காமல் இறையியல் கல்லூரியின் மாலை வகுப்புக்கு அழைக்கலாம், கணக்கு எழுதக் கற்றுக்கொடுக்கலாம். ஆராதனை முடிந்து ஞாயிறு மாலை பூட்டிக்கிடக்கும் சமூகக்கூடத்தை அவருடைய சபைக்குத் திறந்துவிடலாம். அடுத்த ஆலயக் குழுக் கூட்டத்திலேயே இதைத் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள்.