தேர் பார்க்க 4 லட்சம் யென்னா?

ஜப்பான் நாட்டின் பழைய தலைநகரம் கியோட்டோ. அங்கே ஜூலை மாதம் முழுவதும் "கியோன்" திருவிழா நடக்கிறது.

இது நோய்க்குப் பயந்து பிறந்த விழா! 869-ம் ஆண்டில் கொள்ளை நோய் பரவியது. மக்கள் 66 ஈட்டிகளை நட்டு, கடவுளிடம் முறையிட்டார்கள். அந்த வழிபாடுதான் பிற்காலத்தில் தேரோட்டமாக வளர்ந்தது. (2020, 2021-ம் ஆண்டுகளில் கொரோனாவால் தேர் ஓடவில்லை. நோயை விரட்டும் தேரையே நோய் நிறுத்திவிட்டது!)

இந்தத் தேரைப் பார்க்க, 2023-ம் ஆண்டில் 4 லட்சம் யென்னுக்குச் சொகுசு இருக்கை விற்றார்கள். அடுத்த ஆண்டு விலை குறைந்தது. ஆனால், அந்த இருக்கைகளில் மது கொடுப்பதை யாசாகா கோவிலின் தலைமைக் குரு கண்டித்தார். சாமி ஊர்வலத்தின் முன்னால் மதுக் கிண்ணமா? அவர் கண்டித்தது நியாயம்தான்.

காசு இல்லாமலே காணக்கூடிய அதிசயம் வேறு இருக்கிறது. ஜூலை 10-ந் தேதி வாக்கில் போனால், நடுத்தெருவில் தேர் கட்டுவதைப் பார்க்கலாம். பெரிய தேரின் உயரம் சுமார் 25 மீட்டர். எடை சுமார் 12 டன். ஆனாலும் மரச்சட்டங்களை இணைக்க ஆணி கிடையாது. எல்லாம் கயிற்றுக் கட்டுதான்! தேர் குலுங்கும்போது கயிறு இளகிக் கொடுக்கும், மரம் முறியாது.

17-ந் தேதியும், 24-ந் தேதியும் தேரோட்டம். சக்கரங்கள் தாமாகத் திரும்பாது. தெரு முனையில் மூங்கில் பிளாச்சுகளைப் பரப்பி, தண்ணீர் ஊற்றி, தேரைப் பக்கவாட்டில் இழுத்துத் திருப்புகிறார்கள். அப்போது எழும் ஆரவாரத்தைக் கேட்க வேண்டுமே!

தெரு ஓரத்தில் நின்று பார்க்க டிக்கெட் வேண்டாம். காலையிலேயே போய் இடம் பிடிக்க வேண்டும். ஜூலை வெயில் கடுமை. தொப்பி போதும், குடை விரித்தால் பின்னால் நிற்பவருக்குத் தேர் தெரியாது.