இளைச்சவனுக்கு எள்ளு... டப்பா இல்லை!



இந்த முறை சினிமாவும் இல்லை, பங்குச்சந்தையும் இல்லை. உடம்பு. அதிலும் ஒல்லி உடம்பு.

உடம்பைக் குறைப்பது எப்படி என்று சொல்லித்தர நாட்டில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். ஏற்றுவது எப்படி என்று கேட்டால் மட்டும் சிரிக்கிறார்கள். "உனக்கென்னப்பா, எவ்வளவு தின்னாலும் ஒட்டாது, கொடுத்து வச்சவன்" என்று ஒரு பெருமூச்சு வேறு. கபடிக் களத்தில் 58 கிலோவோடு ரெய்டு போய், எதிரணி கார்னர் 80 கிலோவோடு தொடையைப் பிடித்துத் தூக்கும்போது தெரியும், யார் என்ன கொடுத்து வைத்தார்கள் என்று.

நான் பி.காம். மூன்றாம் ஆண்டு. டாக்டர் இல்லை, ஜிம் மாஸ்டரும் இல்லை. மூன்று வருடம் மெஸ் சாப்பாட்டை நம்பி கல்லூரி அணியில் ஆடியவன், வரவு செலவுக் கணக்கு ஓரளவு போடத் தெரிந்தவன். அவ்வளவுதான் தகுதி. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் ஊர் ஒல்லிப் பையன்களுக்குக் குறைவது புரோட்டீன் பவுடர் இல்லை. சாப்பாடு. போதுமான அளவில், பசிக்கும் நேரத்தில் கிடைக்கிற சாதாரண சாப்பாடு.

"இளைச்சவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்பார்கள். இதைச் சொன்னது யாரோ ஒரு பாட்டியாகத்தான் இருக்க வேண்டும், பாட்டிக்குக் கணக்கு தெரிந்திருக்கிறது. எள்ளில் கிட்டத்தட்ட பாதி எண்ணெய். 100 கிராம் எள்ளில் ஏறக்குறைய 570 கலோரி. புரதமும் 18 கிராம் போல இருக்கிறது, ஆனால் எள்ளின் பெரிய பலம் எரிபொருள்தான். இளைத்தவனுக்கு முதலில் எரிபொருள் கொடு என்கிறது பழமொழி. இன்றைய விளையாட்டு உணவியலும் இதில் வேறு கட்சி இல்லை.

காமர்ஸ் பாஷையில் சொல்கிறேன். உடம்புக்கு அன்றாடச் செலவு என்று ஒன்று இருக்கிறது. மூச்சு விட, நடக்க, ரெய்டு போக எல்லாம் கலோரி வேண்டும். அந்தச் செலவுக்கே வரவு பற்றாதபோது நீங்கள் சாப்பிடும் புரதத்தில் ஒரு பகுதியையும் உடம்பு எரித்துவிடும். புது மெஷின் வாங்க வைத்திருந்த மூலதனத்தை எடுத்து கரண்ட் பில் கட்டுவது மாதிரி. மெஷின் எப்போது வரும்? வராது. அதனால்தான் நம் பையன்கள் காலையில் இரண்டு இட்லி சாப்பிட்டு, மாலையில் ஒரு ஸ்கூப் பவுடர் குடித்து, மூன்று மாதம் கழித்தும் அதே 58 கிலோவில் நிற்கிறார்கள். பிறகு "என் உடம்பு வாகே அப்படி" என்று முடிவு கட்டுகிறார்கள்.

58 கிலோ பையன் காலை மாலை இரண்டு வேளையும் பயிற்சி செய்தால், எடை மாறாமல் நிற்கவே 2,800 கலோரி பக்கம் வேண்டியிருக்கும். ஏற வேண்டுமென்றால் அதற்கு மேல் தினமும் ஒரு 300 முதல் 500 வரை. அப்படிச் சாப்பிட்டு எடைப் பயிற்சியும் செய்தால் மாதம் ஒன்று, ஒன்றரை கிலோ ஏறும். அதற்கு மேல் வேகமாக ஏறுவதில் பெரும்பங்கு கொழுப்பாகவோ தண்ணீராகவோதான் இருக்கும்.

இந்தக் கதை கல்லூரியில் தொடங்குவதும் இல்லை. எங்கள் டெல்டா பக்கத்தில் கோயில் திருவிழா, பொங்கல் என்றால் கபடி இருக்கும். போஸ்டரில் "55 கிலோ எடைப்பிரிவு", "65 கிலோ எடைப்பிரிவு" என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். மீசை அரும்பும் வயதுப் பையன் 57 கிலோ இருப்பான். 55-இல் ஆடினால் அவன் பெரிய ஆள், 65-இல் ஆடினால் சின்னப் பையன். என்ன செய்வான்? முதல் நாள் ராத்திரியிலிருந்து பட்டினி. தண்ணீர்கூடக் குடிக்க மாட்டான். வெயிலில் ஸ்வெட்டர் போட்டு ஓடுவான், எச்சில் துப்பிக்கொண்டே இருப்பான். எடை மெஷினில் ஏறி இறங்கிய அடுத்த நிமிடம் நாலு பரோட்டா. வளர்கிற வயதில் வருடத்துக்கு ஏழெட்டு முறை இப்படி. ஊர்ப் பெரியவர்களும் பக்கத்தில் நின்று "இன்னும் 200 கிராம்தான்டா தம்பி, இன்னொரு ரவுண்டு ஓடு" என்று உற்சாகப்படுத்துவார்கள். யாருக்கும் தப்பாகவே படாது.

அதே பையன் 18 வயதில் விளையாட்டுக் கோட்டாவில் கல்லூரிக்கு வருகிறான். சீனியர் ஆண்கள் பிரிவில் உச்சவரம்பு 85 கிலோ. எதிரே நிற்பவன் 80-க்குக் குறையாமல் இருக்கிறான். இதுவரை எடையைப் பிடித்து வைக்கச் சொன்ன அதே உலகம் இப்போது "என்னடா நூலு மாதிரி இருக்க, உடம்பு ஏத்து" என்கிறது. எவ்வளவு நாளில்? அடுத்த மண்டலப் போட்டிக்குள்! அவசரம் அங்கேதான் பிறக்கிறது. டப்பாக்காரனும் ஊசிக்காரனும் நுழைகிற கதவும் அதுதான்.

டப்பாவைப் பற்றி நியாயமாகவே பேசுவோம். வே புரோட்டீன் விஷம் இல்லை. பாலாடைக்கட்டி செய்யும்போது பிரிகிற நீரைப் பக்குவப்படுத்திச் செய்கிற பொருள். தரமான புரதம், சீக்கிரம் செரிக்கும், பையில் போட்டு எடுத்துப் போகலாம். வசதி இருக்கிறவர் வாங்கட்டும். என் தகராறு விலையோடும் நம்பிக்கையோடும்தான்.

எடைப் பயிற்சி செய்பவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் புரதம் போதும், அதற்கு மேல் போனால் தசைக்குப் பெரிதாக ஆதாயம் இல்லை என்று 2018-இல் 49 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து ஒரு முடிவு வந்தது. 58 கிலோவுக்கு 93 கிராம். மூன்று வேளை சோறு, சாம்பார், கூட்டு, மோர் என்று எங்கள் மெஸ்ஸில் ஒழுங்காகச் சாப்பிட்டால் 55 கிராம் தேறும். துண்டு விழுவது 38 கிராம். அதை நிரப்ப எங்கள் ஊர்க் கடை விலையில் இரண்டு வழி.

முதல் வழி: 50 கிராம் வேர்க்கடலை, இரண்டு முட்டை, அரை லிட்டர் பால். புரதம் 40 கிராம், செலவு 47 ரூபாய். கூடவே 700 கலோரி வருகிறது. இரண்டு வாழைப்பழம் சேர்த்தால் இன்னும் 200.

இரண்டாவது வழி: கிலோ 2,800 ரூபாய் பவுடரில் 50 கிராம். புரதம் அதே 40, செலவு 140 ரூபாய், கலோரி 200. மாதத்துக்கு 4,200 ரூபாய். அதாவது எது நமக்குக் குறைவோ (கலோரி) அதைக் குறைவாகக் கொடுத்து, மூன்று மடங்கு பணம் வாங்குகிற ஏற்பாடு. வேர்க்கடலைப் புரதம் பால் புரதம் அளவுக்குத் தரமில்லை என்பார்கள், உண்மைதான். அதனால்தான் பாலும் முட்டையும் பக்கத்தில் நிற்கின்றன. முட்டை சாப்பிடாதவர்களுக்கு சோயா உருண்டை இருக்கிறது. 100 கிராமில் 50 கிராம் புரதம். ருசி பற்றி மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்.

'மாஸ் கெயினர்' என்று வாளி மாதிரி ஒன்று வருகிறதே, அதன் பின்பக்கத்தைப் படித்துப் பாருங்கள். பெரும்பாலும் மால்ட்டோடெக்ஸ்ட்ரின்தான் முதலில் இருக்கும். ஸ்டார்ச்சை உடைத்துச் செய்த மாவுப் பொருள். பழைய சோற்றை சாக்லேட் வாசனையோடு விற்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, எழுதியிருப்பதாவது உள்ளே இருக்கிறதா? கேரள மருத்துவர் ஒருவரின் குழு இந்தியாவில் விற்கும் 36 புரதப் பொடிகளைச் சோதித்து 2024-இல் வெளியிட்டது. சுமார் 70 சதவீதத்தில் லேபிளில் போட்ட புரத அளவு சரியில்லை. சிலவற்றில் சொன்னதில் பாதிதான் இருந்தது. 14 சதவீதத்தில் அஃப்ளடாக்ஸின் என்ற பூஞ்சை நச்சு. அதே ஆண்டு வந்த ஐ.சி.எம்.ஆர். உணவு வழிகாட்டியும் புரதப் பொடியைத் தவிர்க்கத்தான் சொல்கிறது.

டப்பாவில் போவது பணம். அடுத்ததில் போவது வேறு.

எங்கள் அணியின் முதலாண்டுத் தம்பி ஒருவன் (பெயர், ஊர் வேண்டாம்) போன செமஸ்டரில் என்னிடம் வந்தான். "அண்ணே, ஒரு கோர்ஸ் இருக்காம்ணே. ஆறே வாரத்துல பத்து கிலோ ஏறுமாம்ணே." கோர்ஸ் என்றால் நமக்குத் தெரிந்தது கரஸ்பாண்டென்ஸ் கோர்ஸ். இது ஊசி. அது வேண்டாமென்றால் 'பசி மாத்திரை', மூன்று மாதத்துக்கு. அவன் அப்பா கொத்தனாருக்குக் கையாள். சீட்டுப் பணத்தை எடுத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

அந்தப் பசி மாத்திரை பெரும்பாலும் சைப்ரோஹெப்டடின். அலர்ஜிக்கான மருந்து, பக்கவிளைவாகப் பசியையும் தூக்கத்தையும் தரும். வகுப்பில் தூங்குவதற்கு நமக்கு மாத்திரை எதற்கு என்பது வேறு விஷயம். இன்னும் மோசம், இதே கணக்கில் விற்கப்படும் டெக்ஸாமெத்தசோன். இரண்டே வாரத்தில் முகம் உப்பி, கன்னம் வைத்து, பார்க்கிறவர்கள் "உடம்பு ஏறிடுச்சே" என்பார்கள். ஏறியது தண்ணீரும் கொழுப்பும். தொடர்ந்து சாப்பிட்டால் அந்த மருந்து தசையைக் கரைக்கும்! தசைக்காகக் காசு கொடுத்து தசையைக் கரைக்கிற மருந்து வாங்குவதை எந்தக் கணக்குப் புத்தகத்தில் எழுதுவது? நினைத்தபடி திடீரென்று நிறுத்தவும் முடியாது, அட்ரினல் சுரப்பி தன் வேலையைக் குறைத்துக்கொண்டிருக்கும். டாக்டரைப் பார்த்துத்தான் குறைக்க வேண்டும்.

ஊசியில் வருவது அனபாலிக் ஸ்டீராய்டு. அதில் தசை நிஜமாகவே ஏறும், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் உடம்பு தானே சுரக்கும் டெஸ்டோஸ்டிரானை நிறுத்திவிடும், விதை சுருங்கும், மார்பு பெருக்கலாம், இதயத்துக்கும் கேடு. வளர்ச்சி முடியாத வயதில் போட்டால் எலும்பின் வளர்முனை சீக்கிரம் மூடி உயரம் நின்றுவிடும். சோதனையில் சிக்கினால் முதல் முறையே நான்கு வருடம் வரை தடை. மாஸ்டர் போட்டார், எனக்குத் தெரியாது என்பதெல்லாம் செல்லாது. உலக ஊக்கமருந்து தடுப்பு முகமையின் 2023 கணக்கில் இந்தியாவில் 5,606 மாதிரிகள் எடுத்து 213-இல் மருந்து கண்டார்கள். 3.8 சதவீதம். ஐயாயிரத்துக்கு மேல் சோதித்த நாடுகளில் நாம்தான் முதலிடம். ஒலிம்பிக்கில் வராத முதலிடம் இதில் வந்துவிட்டது. அதில் எத்தனை பேர் நம் தம்பி மாதிரி அவசரத்தில் மாட்டியவர்களோ.

பயிற்சியைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. ஸ்குவாட், டெட்லிஃப்ட், புல்-அப் மூன்றும் வாரம் மூன்று நாள், தெரிந்தவர் மேற்பார்வையில், எடையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி. ஜிம் இல்லாதவனுக்கு மணல் மூட்டையோடு பஸ்கி இருக்கிறது. கபடிக்காரன் பைசெப்ஸையே தடவிக்கொண்டிருந்தால் ஃபோட்டோவுக்கு ஆகும், ரெய்டுக்கு ஆகாது. ராத்திரி எட்டு மணி நேரம் தூக்கம். (ஹாஸ்டலில் இதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம்.) தஞ்சாவூர் மாவட்டத்துக்காரர் தர்மராஜ் சேரலாதன் 2016-இல் பாட்னா அணிக்குத் தலைமை தாங்கி புரோ கபடிக் கோப்பையை வாங்கியபோது வயது 41. ஆறு வார உடம்பு அவ்வளவு தூரம் வராது.

பெண்கள் அணியைப் பற்றி ஒரு வார்த்தை. அவர்களை யாரும் உடம்பு ஏற்றச் சொல்வதே இல்லை. "வெயிட் போட்டா யாரு கட்டிப்பா" என்று வீட்டில் சாப்பாட்டைக் குறைக்கிறார்களாம். ஓட்டமும் தாவலும் இருக்கிற பெண் போதாமல் சாப்பிட்டால் மாதவிடாய் நின்றுபோகும், எலும்பு பலவீனமாகும். உளுந்தங்களியில் நல்லெண்ணெயும் கருப்பட்டியும் ஊற்றிக் கிண்டிக் கொடுத்த வீடுகள்தானே இவை?

இப்போது எங்கள் கல்லூரி. வாசலில் "மண்டல சாம்பியன்" என்று இருபதடி பேனர் இருக்கிறது. ஆனால் காலைப் பயிற்சி முடிந்து குளித்து வந்தால் மணி எட்டேகால், மெஸ் மூடியிருக்கும். டீக்கடை பன்னோடு ஒன்பது மணி வகுப்பு. மாலைப் பயிற்சி ஏழேகாலுக்கு முடியும், எட்டுக்கு மெஸ் மூடும்போது பொரியல் பாத்திரம் கழுவியாகிவிடும். காலையில் போன அந்த ஒரு வேளைதான், கணக்குப் போட்டுப் பாருங்கள், மேலே சொன்ன 500 கலோரி.

போன வாரம் 14 பேர் கையெழுத்துப் போட்டு விடுதிக் காப்பாளரிடம் ஒரு மனு கொடுத்தோம். மெஸ் இரு வேளையும் அரை மணி நேரம் கூடுதலாகத் திறந்திருக்க வேண்டும். அணியில் இருப்பவர்களுக்கு தினமும் இரண்டு முட்டை, ஒரு கை வேர்க்கடலை. பேனருக்கு ஆன செலவை அச்சகத்தில் விசாரித்து, அந்தப் பணத்தில் எத்தனை நாள் முட்டை போடலாம் என்ற கணக்கையும் பின்னால் இணைத்திருக்கிறேன். காப்பாளர் அந்தப் பக்கத்தை மட்டும் இரண்டு முறை படித்தார். "பார்க்கலாம்" என்றிருக்கிறார். தம்பியின் அப்பாவிடம் நானே போனில் பேசினேன். சீட்டுப் பணம் இன்னும் சீட்டிலேயே இருக்கிறது. தம்பி இப்போது 61 கிலோ.