பயங்கரவாதத்திற்கு எதிரான முதல் அரண் மக்களின் நம்பிக்கையே

பயங்கரவாத அச்சுறுத்தல் ஒரு தலைமுறையோடு முடிந்துவிடுவதில்லை. இயக்கங்கள் அழிகின்றன, தலைவர்கள் கொல்லப்படுகின்றனர். சில ஆண்டுகள் கழித்து வேறு பெயரில் அதே வன்முறை திரும்பி வருகின்றது. இதனை நீண்ட காலத்திற்கு எவ்வாறு எதிர்கொள்வது என்ற கேள்வி எல்லா நாடுகளுக்கும் பொதுவானது. சட்டத்தைக் கடுமையாக்கி, சந்தேகப்படுவோரைப் பிடித்து அடைப்பதே பெரும்பாலான அரசுகளின் முதல் பதிலாக இருக்கின்றது. அந்தப் பதில் போதாது என்பதற்கு எமது நாடே போதிய சாட்சி என்பேன்.

பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979இல் தற்காலிக ஏற்பாடாகவே கொண்டுவரப்பட்டது. மூன்று ஆண்டுகளுக்கு மட்டுமே என்றிருந்த அது 1982இல் நிரந்தரமாக்கப்பட்டது. குற்றம் சுமத்தாமலேயே ஒருவரை 18 மாதங்கள் வரை தடுத்து வைக்க அது இடமளித்தது. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் அதனை 12 மாதங்களாகக் குறைத்தது. ஆனால் பொலிஸ் உயரதிகாரியிடம் வழங்கப்படும் குற்ற ஒப்புதல் வாக்குமூலத்தைச் சான்றாக ஏற்கும் ஏற்பாட்டில் கைவைக்கவில்லை. இத்தனை கடுமையான சட்டம் யுத்தத்தைத் தடுத்ததா? 1979இல் சிறு குழுக்களாக இருந்த ஆயுத இயக்கங்கள் அதன் பின்னரே பெருமளவில் வளர்ந்தன. 1983 ஜூலை உட்பட அதற்கு வேறு பல காரணங்களும் உண்டு. எனினும் விசாரணையின்றிப் பிள்ளைகள் அடைக்கப்பட்ட வீடுகள் அரசை நம்பவில்லை என்பதை யாரும் மறுக்க முடியாது.

அதே சட்டம் 2019 ஏப்ரல் 21 அன்றும் நடைமுறையில்தான் இருந்தது. 260க்கும் மேற்பட்ட உயிர்களைப் பலிகொண்ட அந்தத் தாக்குதல் சட்டம் போதாமையால் நிகழ்ந்ததல்ல. 2017 மார்ச்சில் காத்தான்குடியில் நடந்த மோதலின் பின்னர், சஹ்ரானைக் கைது செய்யுமாறு கோரியவர்கள் அவ்வூர் முஸ்லிம்களே. 2019 ஜனவரியில் வனாத்தவில்லுவில் வெடிபொருட்கள் கைப்பற்றப்பட்டன. அந்த விசாரணைக்கு உதவிய மாவனெல்லை முஸ்லிம் ஒருவர் மார்ச் மாதம் தனது வீட்டிலேயே சுடப்பட்டார். ஏப்ரல் 4ஆம் திகதி இந்தியாவிலிருந்து புலனாய்வு எச்சரிக்கையும் வந்து சேர்ந்தது. தகவல் இருந்தது, செயற்பட வேண்டியவர்கள் செயற்படவில்லை. 2023 ஜனவரி 12 அன்று உயர் நீதிமன்றமும் இதனை உறுதி செய்தது. முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 100 மில்லியன் ரூபா நஷ்டஈடு செலுத்த வேண்டுமென உத்தரவிட்டது. நான்கு முன்னாள் உயரதிகாரிகளின் தொகையையும் சேர்த்தால் 310 மில்லியன் ரூபா.

தாக்குதலுக்குப் பின்னர் நடந்தது என்ன? இரண்டாயிரத்திற்கும் மேற்பட்டோர் கைது செய்யப்பட்டனர். அதே ஆண்டு மே மாதம் வடமேல் மாகாணத்திலும் மினுவாங்கொடையிலும் எமது வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. சட்டத்தரணி ஹிஜாஸ் ஹிஸ்புல்லாஹ் 2020 ஏப்ரலில் கைதாகி, பிணை கிடைக்கும் வரை ஏறத்தாழ 22 மாதங்கள் அடைபட்டிருந்தார். ஒரு கவிதை நூலுக்காகக் கைதான இளம் ஆசிரியர் அஹ்னாப் ஜஸீம் 2023 இறுதியில் விடுதலை செய்யப்பட்டார். 2025 மார்ச்சில் இஸ்ரேலுக்கு எதிரான ஸ்டிக்கர் ஒட்டிய 22 வயது இளைஞர் ஒருவரும் இதே சட்டத்தின் கீழ் தடுத்து வைக்கப்பட்டார். இவற்றில் எந்தக் கைது நாட்டைப் பாதுகாப்பானதாக ஆக்கியது?

இது இலங்கையின் கதை மட்டுமல்ல. பிரிட்டன் 1971 ஒகஸ்டில் வட அயர்லாந்தில் விசாரணையற்ற தடுப்புக்காவலை ஆரம்பித்தது. 1975 வரை அடைக்கப்பட்ட 1,981 பேரில் மிகப் பெரும்பாலானோர் கத்தோலிக்கர். வன்முறை குறையவில்லை, உயர்ந்தது, ஐ.ஆர்.ஏ. இயக்கத்திற்கு ஆட்கள் திரண்டனர். அமைதி வந்தது 1998ஆம் ஆண்டு உடன்படிக்கையால்தான்.

நியூசிலாந்து வேறு வழியில் சென்றது. 2019இல் கிறைஸ்ட்சேர்ச் பள்ளிவாசல்களில் 51 பேர் கொல்லப்பட்ட ஒரு மாதத்திற்குள் துப்பாக்கிச் சட்டம் திருத்தப்பட்டது. அரச ஆணைக்குழுவின் அறிக்கை பகிரங்கமாக வெளியிடப்பட்டது. பிரதமர் மன்னிப்புக் கோரினார். 2021 செப்டம்பரில் ஒக்லாந்து பல்பொருள் அங்காடியில் கத்தியால் குத்தியவர் இலங்கையில் பிறந்த ஒரு முஸ்லிம். அது தனி மனிதனின் செயல், எந்த மதத்தினதோ இனத்தினதோ செயலல்ல என்று பிரதமர் ஜெசிந்தா ஆர்டன் அன்றே தெளிவுபடுத்தினார். அதன் பிறகு பயங்கரவாதத் தாக்குதலைத் திட்டமிடுவதும் குற்றம் என்று சட்டம் இயற்றப்பட்டது. சட்டம் கடுமையானதுதான், ஆனால் குறை எங்கிருந்ததோ அங்கே மட்டும் அது கைவைத்தது. ஒரு சமூகத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை.

ஓர் அரசின் பயங்கரவாத எதிர்ப்புக் கொள்கையை அளக்க என்னிடம் ஒரே அளவுகோல்தான் உண்டு. தன் மகன் தவறான கூட்டத்தோடு சேர்கிறான் என்று சந்தேகிக்கும் ஒரு தாய், பயமின்றிப் பொலிஸாரிடம் செல்ல முடியுமா? மகனைத் திருத்த உதவி கிடைக்கும் என்று நம்பினால் அவள் செல்வாள். அவன் மாதக்கணக்கில் மறைந்து போவான், கணவனும் கூடவே பிடிபடுவான் என்று அஞ்சினால் வாய் திறக்க மாட்டாள். அந்த மௌனம்தான் பயங்கரவாதிகளுக்குப் பெரிய பாதுகாப்பு. ஏப்ரல் 26 அன்று சாய்ந்தமருதில் ஒளிந்திருந்தவர்களைப் பற்றிப் பொலிஸாருக்குத் தெரிவித்தது அங்குள்ள முஸ்லிம் மக்களே. அந்த மௌனத்தைக் கலைத்தவர்கள் அவர்கள்.

ஆகவே பெயரை மாற்றிய இன்னொரு பயங்கரவாதத் தடைச் சட்டம் எமக்கு வேண்டாம். தடுப்புக்காவல் ஆரம்பம் முதலே நீதிபதியின் கண்காணிப்பில் இருக்க வேண்டும். பொலிஸாரிடம் அளிக்கும் வாக்குமூலம் சான்றாகக் கூடாது. குற்றமற்றோருக்கு நஷ்டஈடு கிடைக்க வேண்டும். எச்சரிக்கையை அலட்சியம் செய்யும் அதிகாரி, அடுத்த முறை இரத்தம் சிந்தும் முன்பே பாராளுமன்றத்திற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

எமக்கும் கடமை உண்டு. அப்பாவிகளைக் கொல்வதை மார்க்கம் அனுமதிக்கவில்லை என்பதை மிம்பர்களில் ஏப்ரல் மாதத்தில் மட்டும் பேசினால் போதாது. கைபேசியில் தனித்திருக்கும் இளைஞனின் கேள்விகளுக்குப் பொறுமையோடு பதில் சொல்லும் உலமாக்கள் ஊர்தோறும் தேவை. காத்தான்குடி மக்கள் 2017இல் தம் கடமையைச் செய்தார்கள். அடுத்த முறை இன்னோர் ஊர் அதே போல எச்சரிக்கும்போது, கேட்பதற்கு அரசு இருக்குமா என்பதே நாட்டின் பாதுகாப்பைத் தீர்மானிக்கும்.