வலியவர் எழுதிய உடன்படிக்கை: திருவிதாங்கூர் வரலாறு தரும் பாடம்

திருவனந்தபுரம்: கேரள அரசின் தலைமைச் செயலக வளாகத்தில் வேலுத்தம்பி தளவாயின் சிலை நிற்கிறது. கேரளத்தில் எந்தப் பிரச்னை எழுந்தாலும் ஆர்ப்பாட்டம் நடைபெறுவது அந்தத் தலைமைச் செயலக வாயிலில்தான். முல்லைப் பெரியாறு பிரச்னையும் அதற்கு விலக்கல்ல. வேலுத்தம்பியின் கிளர்ச்சிக்கும் முல்லைப் பெரியாறு பிரச்னைக்கும் இடையே சுமார் இருநூறு ஆண்டுகள் கிடக்கின்றன. எனினும் இரண்டையும் இணைக்கும் ஓர் இழை உண்டு. வலியவர் எழுதி, எளியவர் ஒப்பமிட்ட உடன்படிக்கை பூசலைத் தீர்ப்பதில்லை. அடுத்த தலைமுறைக்கு ஒத்திப்போடுகிறது என்பதே அது.

போரில் வென்றவர் தோற்றவர் மீது சுமத்தும் கடுமையான நிபந்தனைகள் அடுத்த போருக்கு வித்திடும் என்பதற்கு 1919-இல் கையெழுத்தான வெர்சாய் உடன்படிக்கையைச் சான்று காட்டுவது வழக்கம். ஜெர்மனி செலுத்த வேண்டிய இழப்பீடு 1921-இல் 13,200 கோடி தங்க மார்க் என நிர்ணயிக்கப்பட்டது. அந்த அவமான உணர்வை ஹிட்லர் அரசியல் முதலீடாக்கினார். இருபதே ஆண்டுகளில் அடுத்த உலகப் போர் மூண்டது. ஆனால், இப்பாடத்துக்கு ஐரோப்பா வரை செல்ல வேண்டியதில்லை.

பாதுகாப்புக்குக் கொடுத்த விலை

1789 இறுதியில் திப்பு சுல்தான் திருவிதாங்கூரின் வடக்கு அரண் மீது படையெடுத்தார். கிழக்கிந்தியக் கம்பெனி திருவிதாங்கூரின் நட்பு சக்தி என்ற முறையில் களமிறங்கியது. 1792-இல் ஏற்பட்ட ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு தன் நாட்டில் பாதியை இழந்தார். 3 கோடியே 30 லட்சம் ரூபாய் செலுத்த ஒப்புக்கொண்டார். இரு புதல்வர்களைப் பிணையாக அனுப்பினார். அந்த அமைதி ஏழு ஆண்டுகளே நீடித்தது. 1799-இல் மீண்டும் போர் மூண்டு, திப்பு களத்தில் வீழ்ந்தார்.

தோற்றவருக்கு நேர்ந்தது இது. வென்ற பக்கத்தில் நின்ற திருவிதாங்கூருக்கும் விடிவு கிட்டவில்லை. 1795-இல் கம்பெனியுடன் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, பாதுகாப்புக்காகக் கம்பெனிப் படையின் செலவைத் திருவிதாங்கூர் ஆண்டுதோறும் ஏற்க வேண்டியதாயிற்று. 1804-இல் படித்தொகைக் குறைப்பை எதிர்த்து நாயர் படையினர் கலகம் செய்தனர். கலகம் அடக்கப்பட்டதும், அதையே வாய்ப்பாகக் கொண்டு 1805-இல் புதிய உடன்படிக்கை ஒன்றைக் கம்பெனி கொண்டுவந்தது.

ஆண்டுத் தொகை சுமார் 8 லட்சம் ரூபாயாக இரட்டிப்பானது. அத்தொகை நிலுவையில் விழுந்தால் உள்நாட்டு நிர்வாகத்தில் தலையிடவும் கம்பெனிக்கு உரிமை கிடைத்தது. பாதுகாப்பு என்ற பெயரில் தொடங்கிய உறவு, இறையாண்மையின் வேரையே அசைத்தது.

நண்பரே எதிரியானார்

இங்குதான் வரலாறு கூர்ந்து நோக்கத்தக்கது. 1805 உடன்படிக்கை நிறைவேற உடனிருந்தவரே தளவாய் வேலுத்தம்பிதான். இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள தலக்குளத்தில் பிறந்தவர் அவர். நாயர் படையினரின் கலகமும் அவருக்கு எதிராகவே எழுந்தது. அப்போது கம்பெனியின் பிரதிநிதியான ரெசிடெண்ட் மெக்காலேயின் துணையை அவர் நாடினார். ஆனால் கருவூலம் வறண்டது, நிலுவை பெருகியது, மெக்காலேயின் நெருக்குதல் நாளுக்கு நாள் கடுமையானது. நட்பு பகையாக மாறியது.

1808 டிசம்பரில் கொச்சியின் பாலியத்து அச்சனுடன் சேர்ந்து வேலுத்தம்பி கிளர்ந்தெழுந்தார். கொச்சியில் மெக்காலேயின் இல்லம் தாக்கப்பட்டது, அவர் தப்பினார். 1809 ஜனவரியில் குண்டறையில் வேலுத்தம்பி விடுத்த பிரகடனம் மக்களைப் போருக்கு அழைத்தது. அடுத்த மாதமே ஆரல்வாய்மொழிக் கோட்டையைக் கம்பெனிப் படை தகர்த்து உட்புகுந்தது. மண்ணடி கோயிலில் தஞ்சம் புகுந்த வேலுத்தம்பி உயிரை மாய்த்துக்கொண்டார். அவரது உடல் திருவனந்தபுரம் கண்ணம்மூலையில் பலர் காணத் தூக்கிலிடப்பட்டது. பின்னர் ரெசிடெண்ட் மன்றோவே திவான் பொறுப்பையும் வகித்தார்.

கம்பெனி வென்றது. ஆனால் அது தூக்கிலிட்ட உடலுக்கு உரியவரே இன்று அரசின் முகப்பில் சிலையாக நிற்கிறார். எந்த உடன்படிக்கையையும் மக்கள் மனத்தில் நிலைநிறுத்தும் வலிமை படைக்கு இல்லை என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

பெரியாற்றில் விழுந்த நிழல்

இந்தப் பின்னணியில்தான் 1886 அக்டோபர் 29-இல் கையெழுத்தான பெரியாறு குத்தகை ஒப்பந்தத்தைக் கேரளம் பார்க்கிறது. 8,000 ஏக்கர் நிலம், ஏக்கருக்கு ஆண்டுக்கு 5 ரூபாய், 999 ஆண்டு காலம் என்பவை அதன் நிபந்தனைகள். மகாராஜா விசாகம் திருநாள் தம் இதயத்தின் குருதியால் ஒப்பமிடுவதாகக் கூறினார் என்ற கதை கேரள மேடைகளில் தவறாமல் ஒலிக்கிறது. உண்மையில் விசாகம் திருநாள் 1885-லேயே காலமாகிவிட்டார். ஒப்பந்தம் ஏற்பட்டது மூலம் திருநாள் காலத்தில். கையெழுத்திட்டவர் திவான் ராமய்யங்கார். கதை பிழை. ஆயினும் அது மக்களிடம் எடுபடுகிறது என்றால், 1805-இன் நினைவு இன்னும் ஆறவில்லை என்றே பொருள்.

தமிழகத்தின் நியாயம் வலுவானது. அரபிக்கடலில் கலந்த நீரின் ஒரு பகுதியை மலைக்குக் கிழக்கே திருப்பி, வறண்ட நிலத்தை வாழவைத்தது 1895-இல் முடிந்த பென்னிகுக்கின் அணை. தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் மாவட்டங்களின் விவசாயமும் குடிநீரும் அதை நம்பியே உள்ளன. 2006-இல் நீர்மட்டத்தை 142 அடியாக உயர்த்த உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. அதை முறியடிக்கக் கேரளம் இயற்றிய சட்டத்தை 2014 மே 7-இல் அரசியல் சாசன அமர்வு ரத்து செய்தது; 1886 ஒப்பந்தம் செல்லும் என்றும் கூறியது.

சட்டத்தில் வழக்கு முடிந்தது, மனத்தில் முடியவில்லை. 2011 இறுதியில் குமுளி எல்லையில் மூண்ட பதற்றத்தில், இடுக்கி ஏலத்தோட்டங்களில் உழைத்த தமிழ்த் தொழிலாளர் பலர் உடைமைகளை விட்டு ஊர் திரும்ப நேர்ந்ததை எளிதில் மறக்க இயலாது. அணைக்குக் கீழே வண்டிப்பெரியாற்றில் வாழ்வோரின் மழைக்கால அச்சத்தையும் புறந்தள்ள இயலாது.

கவனிக்கப்படாத 1970

இந்நிலையில், தமிழகம் முன்னிறுத்த வேண்டிய ஆவணம் 1886-ஐ விட 1970 மே 29-இல் கையெழுத்தானதே ஆகும். அப்போது இரு மாநிலங்களிலும் மக்கள் தேர்ந்தெடுத்த அரசுகள் இருந்தன. கேரளத்தில் அச்சுத மேனன், தமிழகத்தில் கருணாநிதி முதல்வர்கள். குத்தகை ஏக்கருக்கு 30 ரூபாயாக உயர்ந்தது. 30 ஆண்டுகளுக்கு ஒருமுறை அதைத் திருத்தவும் வழி செய்யப்பட்டது. மீன்பிடி உரிமை கேரளத்துக்குச் சென்றது. மின்சாரம் தயாரிக்கும் உரிமை தமிழகத்துக்கு உறுதியானது. இங்கு ரெசிடெண்ட் இல்லை, பீரங்கியும் இல்லை. பெற்றதும் கொடுத்ததும் இரு பக்கமும் இருந்தன. வற்புறுத்தலின் பேரில் ஏற்பட்டது என்ற வாதம் இதன் முன் நிற்காது.

அதேவேளையில், புதிய அணை கட்டி, அதற்குப் புதிய ஒப்பந்தம் காண்போம் என்று கேரளம் கூறும்போது தமிழகம் அஞ்சுவதற்கும் காரணம் உண்டு. நீரின் கட்டுப்பாடு முழுதும் ஒரு பக்கம் போய்விட்டால், நாளை நிபந்தனை விதிப்பவர் யார் என்பதே அந்த அச்சம். அவ்வாறு ஓர் ஒப்பந்தம் திணிக்கப்பட்டால், திருவனந்தபுரத்தில் இன்று கேட்கும் அதே குமுறல் நாளை மதுரையில் கேட்கும். பூசல் தீராது, இடம் மாறும்.

அணைப் பாதுகாப்புச் சட்டம் 2021-இல் வந்துவிட்டது. 2022-இல் உச்ச நீதிமன்றம், அச்சட்டத்தின் கீழ் தேசிய ஆணையத்துக்குரிய அதிகாரங்களை முல்லைப் பெரியாறு மேற்பார்வைக் குழுவுக்கு வழங்கியது. இரு மாநிலங்களின் நிபுணர்களுக்கும் அதில் இடமளித்தது. பாதுகாப்பு குறித்த ஐயங்களைத் தெருவில் அல்லாமல் அங்கே தீர்த்துக்கொள்வதும், நீர் உரிமை குறித்த பேச்சை 1970-இன் அடிப்படையில் சமநிலையில் தொடர்வதும் இரு அரசுகளின் கடமையாகும். குத்தகைக் காலம் முடிய இன்னும் 850 ஆண்டுகளுக்கு மேல் உள்ளன. அத்தனை காலமும் நீதிமன்றத் தீர்ப்பை மட்டுமே நம்பி அண்டை வீட்டாராக வாழ இயலாது.