சின்ன ஊர் போதும் என்றால் குற்றமா?

சரியாக ஜெயித்துக் கொடுக்கவில்லை என்று ஒருவரை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். அனுப்பும்போது தர வேண்டிய தொகை 75 மில்லியன் டாலருக்கு மேல். நம்மூர் கணக்கில் 600 கோடி ரூபாயைத் தாண்டும். கொடுக்க ஒப்புக்கொண்டது ஏதோ எண்ணெய்க் கம்பெனி என்று நினைக்காதீர்கள். ஒரு யுனிவர்சிட்டி. பெயர் டெக்ஸாஸ் ஏ அண்ட் எம். வேலை போனவர் அந்த யுனிவர்சிட்டியின் ஃபுட்பால் கோச் ஜிம்போ ஃபிஷர். நடந்தது 2023 நவம்பரில்.

இந்த ஃபுட்பால் நாம் காலால் உதைக்கிற ஃபுட்பால் இல்லை. ஹெல்மெட்டும் தோள்கவசமும் மாட்டிக்கொண்டு, நீள்வட்டப் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடி, ஒருவர் மேல் ஒருவர் பாய்கிற அமெரிக்க ஆட்டம். அதைக் காலேஜ் பையன்கள் ஆடுவதைப் பார்க்கச் சனிக்கிழமைகளில் ஊரே திரளுகிறது. மிச்சிகன் யுனிவர்சிட்டி ஸ்டேடியத்தில் மட்டும் 1,07,601 பேர் உட்காரலாம். அங்கே பெரும்பாலான மாநிலங்களில் அரசு ஊழியர்களில் அதிகச் சம்பளம் வாங்குகிறவர் கவர்னர் கிடையாது. ஸ்டேட் யுனிவர்சிட்டியின் ஃபுட்பால் கோச், அல்லது பாஸ்கெட்பால் கோச்!

இந்தச் சந்தையில் நவம்பர், டிசம்பர் வந்தால் ஆள் பிடிக்கும் சீசன். சின்ன காலேஜில் நன்றாக ஜெயித்த கோச்சைப் பெரிய காலேஜ் வந்து தூக்கிக்கொண்டு போகும். சம்பளம் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு. போனால் 'வளர்ந்துவிட்டார்' என்று அர்த்தம். சில பேர் மட்டும், 'வேண்டாம் சார், எனக்கு இந்த ஊர் பிடித்திருக்கிறது, பிள்ளைகள் இங்கே படிக்கிறார்கள், ராத்திரி வீட்டில் சாப்பிட முடிகிறது' என்று சொல்லிவிடுகிறார்கள். உடனே டி.வி.யில் கோட்டுப் போட்ட நாலு பேர் உட்கார்ந்து தீர்ப்பு வாசிப்பார்கள்: 'ஆளுக்கு லட்சியம் போதாது.'

இந்த வாரம் என் சண்டை இந்த 'லட்சியம்' என்கிற வார்த்தையோடுதான்.

முதலில் அந்தப் பெரிய நாற்காலியில் என்னதான் இருக்கிறது என்று பார்ப்போம். ஃபுட்பால் சொல்லிக்கொடுப்பது அதில் ஒரு பகுதி. மற்றதெல்லாம் வேறு வேலை. 17 வயதுப் பையன்களின் வீட்டு சோஃபாவில் உட்கார்ந்து, 'உங்க பிள்ளையை என்கிட்ட விடுங்கம்மா' என்று ஊர் ஊராகக் கேட்க வேண்டும். நன்கொடை தரும் பணக்காரர்களின் போனை எந்த ராத்திரியிலும் எடுக்க வேண்டும். 2017-லிருந்து பையன்கள் கையெழுத்துப் போடும் முதல் வாய்ப்பு டிசம்பருக்கே வந்துவிட்டது. 2018-இல் ட்ரான்ஸ்ஃபர் போர்ட்டல் வந்தது. 2021 ஜூலையிலிருந்து பையன்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம். 2025-லிருந்து காலேஜே நேரடியாகப் பணம் கொடுக்கலாம். பையன்களுக்குப் பணம் கிடைப்பது நியாயம், அது எப்போதோ நடந்திருக்க வேண்டும். ஆனால் கோச்சுக்கு மிச்சமிருந்த நாலு ஓய்வு நாளும் இதில் போயே போச்சு.

உடம்பு என்ன ஆகிறது? அர்பன் மேயர் ஃப்ளோரிடாவுக்கு 2006, 2008 என இரண்டு தேசியப் பட்டம் வாங்கிக் கொடுத்தவர். 2009 டிசம்பரில் ஒரு பெரிய ஆட்டத்தில் தோற்ற கையோடு நெஞ்சுவலி, ஆஸ்பத்திரி. ராஜினாமா என்றார். மறுநாளே, 'இல்லை, லீவு' என்றார். 2010 டிசம்பரில் குடும்பம்தான் முக்கியம் என்று நிஜமாகவே விலகினார். 2011 நவம்பரில் ஒஹாயோ ஸ்டேட் கூப்பிட்டது, போய்விட்டார். ஒரு வருஷம் முழுசாக வீட்டில் உட்கார முடியவில்லை. நார்த்வெஸ்டர்ன் கோச் ராண்டி வாக்கர் 2006 ஜூனில் மாரடைப்பில் இறந்தபோது அவருக்கு வயது 52. வேலைதான் கொன்றது என்று நான் டாக்டர் மாதிரி சொல்லவரவில்லை. ஆனால் இப்படிச் செய்திகள் வரும்போது சக கோச்கள் தங்கள் வயதைக் கணக்குப் போட்டுப் பார்ப்பார்களா, மாட்டார்களா?

கணக்குப் போட்டவர்கள் இருக்கிறார்கள். ஐடஹோ மாநிலத்தில் பாய்சி என்று ஓர் ஊர். அங்கே ஸ்டேடியத்தின் தரை பச்சை இல்லை, நீலம். அந்த பாய்சி ஸ்டேட் டீம் 2007 ஜனவரி 1 அன்று ஃபியஸ்டா பௌல் ஆட்டத்தில் ஜாம்பவான் ஓக்லஹோமாவை 43-42 என்று சாய்த்தது. கோச் கிறிஸ் பீட்டர்சனுக்கு அது முதல் சீசன். அங்கே அவர் இருந்த எட்டு சீசனில் 92 வெற்றி, 12 தோல்வி. ஒவ்வொரு டிசம்பரிலும் ஏதாவது ஒரு பெரிய காலேஜோடு அவர் பெயர் அடிபடும். மனுஷன் அசையவில்லை. 2013 கடைசியில்தான், தனக்குச் சரி என்று பட்ட வாஷிங்டன் யுனிவர்சிட்டிக்குப் போனார். 2016 சீசனில் அந்த டீமைத் தேசிய ப்ளேஆஃப் வரை கொண்டுபோனார். 2019 டிசம்பரில், 55 வயதில், போதும், ஓய்வு வேண்டும் என்று இறங்கிவிட்டார்.

அந்த ஃபியஸ்டா பௌலில் தோற்ற கோச் பாப் ஸ்டூப்ஸ். அவருடைய அப்பாவும் கோச்தான், ஒஹாயோவில் ஒரு ஹைஸ்கூலில். 1988-இல் ஆட்டம் நடந்த ராத்திரி மாரடைப்பு வந்து 54 வயதில் இறந்தார். மகன் 18 சீசன் ஓக்லஹோமாவில் இருந்துவிட்டு, 2017 ஜூனில், 56 வயதில், டீம் நல்ல நிலையில் இருக்கும்போதே விலகினார். அன்று ஜெயித்தவரும் தோற்றவரும், யாரும் துரத்தாமலே, தாங்களாகவே எழுந்து போனார்கள். இரண்டு பேரையும் 'லட்சியம் போதாதவர்கள்' பட்டியலில் சேர்ப்பீர்களா?

வர்ஜீனியா டெக்கில் ஃப்ராங்க் பீமரைப் பாருங்கள். தான் படித்த காலேஜுக்கு 1987-இல் கோச்சாக வந்தார். 1999 சீசனில் டீமைத் தேசியப் பட்டத்துக்கான ஆட்டம் வரை கொண்டுபோனார். 2000-இல் நார்த் கரோலினா கூப்பிட்டது. ஏறக்குறைய போயே விட்டார், கடைசியில் மனசு வரவில்லை. 2015 வரை அதே ஊர், அதே மலையடிவாரம். தொடர்ந்து 23 வருஷம் அவர் டீம் பௌல் ஆட்டத்துக்குத் தகுதி பெற்றது. தேசியப் பட்டம் வரவில்லை. வராவிட்டால் என்ன, அந்த 29 சீசன் வீணா?

சரி, போனவர்கள் கதை? ரிச் ராட்ரிகஸ் வெஸ்ட் வர்ஜீனியாக்காரர். சொந்த மாநிலம், படித்த காலேஜ், அங்கேயே கோச். 2006 டிசம்பரில் அலபாமா கூப்பிட்டபோது மறுத்தார். ஊர் கொண்டாடியது. ஒரு வருஷம் கழித்து மிச்சிகன் கூப்பிட்டது. இந்தத் தடவை போய்விட்டார். அதே ஊர் கரித்துக்கொட்டியது. மிச்சிகனில் மூன்று சீசன், 15 வெற்றி, 22 தோல்வி, 2011 ஜனவரியில் வேலை போச்சு. சுற்றிச் சுற்றி 2024 டிசம்பரில் எங்கே வந்து சேர்ந்தார் தெரியுமா? வெஸ்ட் வர்ஜீனியாவுக்கே.

ஸ்காட் ஃப்ராஸ்ட் இன்னொருவர். ஃப்ளோரிடாவில் யு.சி.எஃப். என்ற காலேஜ் 2015-இல் ஆடிய 12 ஆட்டத்திலும் தோற்றது. இவர் போன இரண்டாவது சீசனில், 2017-இல், ஆடிய 13-லும் ஜெயித்தது. உடனே நெப்ராஸ்கா கூப்பிட்டது. அவருக்கும் அது சொந்த மாநிலம்தான். ஆனால் கூப்பிட்டது ஊர்ப்பாசம் மட்டுமில்லை, பெரிய நாற்காலியும் சேர்ந்து. அங்கே 16 வெற்றி, 31 தோல்வி. 2022 செப்டம்பரில் வெளியே அனுப்பினார்கள். அக்டோபர் வரை பொறுத்திருந்தால் தர வேண்டிய பணம் பாதியாகக் குறைந்திருக்கும். அந்த மூன்று வாரம் பொறுக்கவில்லை! 2024 டிசம்பரில் அவரும் யு.சி.எஃப்.புக்கே திரும்பினார்.

பெரிய இடத்துக்குப் போய் ஜெயித்தவர்களும் உண்டு. அலபாமாவில் நிக் சேபன் 2007-லிருந்து 2023 வரை ஆறு தேசியப் பட்டம் வாங்கினார். நான் மறைக்கவில்லை. ஆனால் ஒரு சேபனைக் காட்டி நூறு பேரை ஏணியில் ஏறச் சொல்கிறார்களே, விழுந்தவர்களை யார் எண்ணுவது?

இதில் எனக்கு எரிச்சல் தருவது விசுவாசம் பற்றிய பிரசங்கம். 2021 வரை ஒரு பையன் ஒரு பெரிய காலேஜ் டீமிலிருந்து இன்னொன்றுக்கு மாறினால், பொதுவாக ஒரு வருஷம் ஆடாமல் உட்கார வேண்டும். அவசரப்பட்டு மாறக்கூடாது என்பதற்காகவாம். அந்தப் பையனைச் சேர்த்த கோச்சோ திங்கட்கிழமை ராஜினாமா செய்துவிட்டு, செவ்வாய்க்கிழமை வேறு ஊரில் புதுத் தொப்பியோடு போஸ் கொடுக்கலாம். லேன் கிஃபினை எடுத்துக்கொள்ளுங்கள். 2013 செப்டம்பரில் ஓர் ஆட்டத்தில் தோற்றுவிட்டு விமானத்தில் ஊர் திரும்பினார். விடிவதற்குள், ஏர்போர்ட்டிலேயே, யு.எஸ்.சி. அவரை வேலையைவிட்டு எடுத்தது. அதே கிஃபின் 2025 நவம்பர் கடைசியில், தன் மிஸ்ஸிஸிப்பி டீம் தேசிய ப்ளேஆஃபுக்குத் தயாராகிக்கொண்டிருந்த நேரத்தில், எல்.எஸ்.யூ.வுக்குக் கிளம்பிவிட்டார். யாரை யார் குறை சொல்வது? யுனிவர்சிட்டி கோச்சிடம் நடந்துகொள்வது போலத்தான் கோச்சும் யுனிவர்சிட்டியிடம் நடந்துகொள்கிறார். நடுவில் நிற்பது 19 வயதுப் பையன்.

என்மேல் இரண்டு கேள்விகள் வரும். முதலாவது: ஒரே இடத்தில் ஒட்டிக்கொண்டிருப்பதே புண்ணியமா? இல்லை. பென் ஸ்டேட்டின் ஜோ பட்டர்னோ 1973-இல் பெரிய தொழில்முறை டீமின் அழைப்பை மறுத்தார். தேசமே மெச்சியது. 1966 முதல் 2011 வரை அங்கேயே தலைமைக் கோச். அவரிடம் நெடுங்காலம் உதவியாளராக இருந்த ஜெரி சாண்டஸ்கி சிறுவர்களைப் பாலியல் கொடுமை செய்த வழக்கில் 2011-இல் கைதாகி, 2012-இல் தண்டனை பெற்றார். கைது நடந்த சில நாளில் பட்டர்னோவின் வேலை போனது. ஒரு ஊர் ஒரு மனிதரைக் கோயில் கட்டிக் கும்பிட ஆரம்பித்தால், அவர் காலடியில் நடப்பதைக் கேட்க ஆள் இருக்காது. தங்குவது வேறு, சிம்மாசனம் போட்டுக்கொள்வது வேறு.

இரண்டாவது கேள்வி இன்னும் கூர்மையானது: 'வருஷத்துக்குச் சில மில்லியன் வாங்குகிறவர் போதும் என்று சொல்வதில் என்ன தியாகம்?' தியாகமே இல்லை. ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் இவர்களுக்கு மாலை போடச் சொல்லவில்லை. வேண்டாம் என்று சொல்லும் வசதி தலைமைக் கோச்சுக்கு இருக்கிறது. அவருக்குக் கீழே பத்துப் பன்னிரண்டு உதவி கோச்கள் இருக்கிறார்களே, அவர்களுக்கு இல்லை. தலைமைக் கோச் வேறு ஊருக்குப் பறந்தாலோ, துரத்தப்பட்டாலோ, இவர்களில் பலரும் சட்டிபானையைக் கட்ட வேண்டியதுதான். பிள்ளைகளுக்கு மறுபடி புது ஸ்கூல், மனைவிக்கு மறுபடி புது வேலை தேடல். 600 கோடி இவர்கள் பக்கம் வராது.

'அப்படி உயிரை விட்டு உழைத்தால்தான் சார் ஜெயிக்க முடியும்' என்பார்கள். இதுதான் ஆணிவேரான பொய். மின்னசோட்டாவில் கத்தோலிக்கத் துறவிகள் நடத்தும் செயின்ட் ஜான்ஸ் என்று ஒரு காலேஜ். விளையாட்டுக்கு ஸ்காலர்ஷிப்பே தராத மூன்றாம் டிவிஷன். அங்கே ஜான் காக்லியார்டி 1953-இல் கோச்சாகச் சேர்ந்தார். பயிற்சியில் ஒருவரை ஒருவர் இடித்துத் தள்ளக் கூடாது. விசில் கிடையாது. ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் பயிற்சி கிடையாது. சேர வந்த யாரையும் டீமிலிருந்து வெட்டுவது கிடையாது. 'கோச்' என்று கூப்பிடவும் கூடாது, ஜான் என்றால் போதும். சோம்பேறி மடம் மாதிரி இருக்கிறதா? 2012-இல் 86 வயதில் ஓய்வு பெறும்போது அவர் கணக்கில் 489 வெற்றி, நாலு தேசியப் பட்டம். அமெரிக்கக் காலேஜ் ஃபுட்பால் சரித்திரத்தில் அவரைவிட அதிகம் ஜெயித்த கோச் கிடையாது. 2018-இல் 91 வயதில் காலமானார்.

மூன்றாம் டிவிஷனும் முதல் டிவிஷனும் ஒன்றா என்று கேட்கலாம். ஒன்றில்லைதான். ஆனால் பையன்களை அடிக்காமல், ராத்திரி முழுக்க ஆபீசில் படுக்காமல், ஒரு ஆள் 60 சீசன் ஜெயித்துக் காட்டியிருக்கிறார் என்பது பொய்யாகிவிடாது.

யுனிவர்சிட்டிகளிடம் மூன்று விஷயம் கேட்கலாம். துரத்தியடிக்கக் கொட்டும் பணத்துக்கு ஓர் உச்சவரம்பு வையுங்கள். உதவி கோச்களுக்கு, தலை மாறினாலும் போகாத ஒப்பந்தம் கொடுங்கள். வருஷத்தில் சில வாரங்களாவது எந்த கோச்சும் எந்தப் பையன் வீட்டுக்கும் போகவோ போன் பண்ணவோ கூடாது என்று நிஜமாகவே கதவைச் சாத்துங்கள். இதனால் ஸ்டேடியத்தில் ஒரு சீட்கூடக் காலியாகாது.

டி.வி.க்காரர்களுக்கு ஒன்று. அடுத்த டிசம்பரிலும் எங்கோ ஒரு கோச், 'எனக்கு இந்த ஊரே போதும்' என்று சொல்லத்தான் போகிறார். லட்சியம் போதாது என்று தீர்ப்பு வாசிப்பதற்குமுன், அவரைக் கூப்பிட்ட காலேஜ் கடைசி மூன்று கோச்களை எப்படி அனுப்பியது என்று ஒரு தடவை படித்துக் காட்டுங்கள். தீர்ப்பைப் பார்க்கிறவர்களே சொல்லிக்கொள்வார்கள்.